பழைய கச்சேரி கேசட்டுகளை ஃபிளாக்கில் வைப்பதா, எம்பி3யில் வைப்பதா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவோ பெரியப்பாவோ சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த கச்சேரிகள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். இப்போது அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறீர்கள். எந்த ஃபார்மேட் என்று நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். நானும் அப்படித்தான் அலைந்தேன்.

நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலப் பிரதியை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக்காக (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) வையுங்கள். காரிலும் போனிலும் கேட்க அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3யிலிருந்து ஃபிளாக் எடுக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. காரணமும் செலவும் தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள்.

1. முதலில் கேசட்டுகளைப் பிரியுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே உழைப்பு தேவையில்லை. தரையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

வீட்டார் தாமே பதிவு செய்த மூல கேசட்டுகளும் ஸ்பூல்களும் (பெரிய சுருள் டேப்புகள்) முதல் குவியல். உலகத்தில் வேறு பிரதி இல்லாதவை என்பதால் முதல் கவனம் இவற்றுக்குத்தான். ரேடியோவிலிருந்து பிடித்தவை இரண்டாவது. நண்பர்களிடம் வாங்கிப் பிரதி எடுத்தவை மூன்றாவது. மூலம் யாரிடமாவது இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு இவற்றில் கை வையுங்கள். கடையில் வாங்கிய கம்பெனி கேசட்டுகள் நான்காவது. அவற்றில் பல பிறகு சிடியாகவும் இணையத்திலும் வந்துவிட்டன. தேடிப் பார்த்து, கிடைத்தால் ஒதுக்கி வையுங்கள்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் எண் ஒட்டுங்கள். பின்னால் எல்லாக் குழப்பத்தையும் இந்த எண்தான் தீர்க்கும்.

2. ‘இரைச்சல் கேசட்டுக்கு எம்பி3 போதும்’ என்பதை நம்பாதீர்கள்

எல்லோரும் சொல்லும் வாதம் இது: ‘பழைய கேசட், உஸ்ஸென்று இரைச்சல், இதற்குப் போய் ஃபிளாக் எதற்கு?’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர்.

எம்பி3 காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட ஒலியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் குறைந்த இடத்தில் அடைக்கிறது. தம்புராவோ வயலினோ அதற்குச் சுலபம், ஏனென்றால் அவற்றின் ஒலி சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒழுங்காகக் குவிந்திருக்கிறது. டேப் இரைச்சலில் அந்த ஒழுங்கு கிடையாது. கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்ணிலும் தாறுமாறாகப் பரவியிருக்கும். சுருக்குவதற்குப் பிடிமானமே இல்லாத ஒலி அது. ஆக, 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) போன்ற குறைந்த அளவில், இருக்கும் பிட்டுகளைப் பாட்டும் இரைச்சலும் போட்டி போட்டுக்கொண்டு தின்னும். விளைவாகச் சீரான ‘உஸ்’ போய், தண்ணீருக்கடியில் ஏதோ சுழல்வதைப் போன்ற ஓர் ஒலி வரும். ஒரு முறை கவனித்துவிட்டால் அப்புறம் அதுதான் காதில் விழும். கைதட்டலிலும் இதே கதி.

மிருதங்கத்துக்கு வேறு ஆபத்து. எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணக்கிடுகிறது. ஒரு துண்டு (ஃபிரேம்) 1152 சாம்பிள்கள் (ஒலியின் அளவீடுகள்), 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 26 மில்லிசெகண்ட். சாப்பு விழும் துண்டில் கணக்கீட்டுப் பிசிறு அந்த அடிக்கு முன்பகுதியிலும் பரவும். கூர்மையான அடிக்கு முன்னால் மெல்லிய தூசி பறந்த மாதிரி இருக்கும். நல்ல என்கோடர்கள் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்கள்) இதைக் குறைக்கின்றன. குறைந்த கேபிபிஎஸ்ஸில் முழுக்க ஒழிப்பதில்லை. தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிரா வரும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள், தெரியும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, இரைச்சலை நீங்கள் பின்னொரு நாள் நீக்க விரும்பலாம் என்பது. நீக்கும் மென்பொருள் இரைச்சலின் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே மாதிரியை முழுப் பதிவிலும் தேடிக் கழிக்கிறது. எம்பி3யில் அந்த இரைச்சல் துண்டுக்குத் துண்டு உருமாறியிருக்கும். கழித்தல் சரியாக நடக்காது. வருடா வருடம் இந்த மென்பொருள்கள் மேம்பட்டுக்கொண்டே போகின்றன. அவற்றுக்குக் கொடுக்க உங்களிடம் மாறாத மூலம் இருக்க வேண்டும்.

3. எண்களை முடிவு செய்யுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்

எதிர்ப்பக்கம் மிகையாகப் போகிறவர்களும் உண்டு. 192 கிலோஹெர்ட்ஸில்தான் (ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளந்து) எடுப்பேன் என்பார்கள். சாதாரண வீட்டுக் கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சங்கீதம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அகப்படும். அதுவே தாராளம்.

பிட் விஷயத்தில் மட்டும் 24ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். 16 பிட்டே 96 டெசிபல் வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) தருகிறது, கேசட்டின் வீச்சு அதைவிட வெகு குறைவு. பிறகு 24 எதற்கு என்றால், பதியும்போது கவலையில்லாமல் இருக்கத்தான். பாடகர் திடீரென்று தாரஸ்தாயியில் குரலை எடுப்பார், அடுத்த கணம் ரசிகர்கள் கைதட்டுவார்கள். லெவலைக் குறைத்து வைத்து அந்த உச்சத்துக்கு இடம் விட்டாலும் 24 பிட்டில் எதுவும் போகாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசா தன் டிசி-04 வழிகாட்டியில் குறைந்தபட்சம் என்று சொல்வதும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான். காப்பகங்கள் பலவும் 96 கிலோஹெர்ட்ஸ் எடுக்கின்றன. உங்களிடம் நல்ல நிலையில் ஸ்பூல் டேப் இருந்தால் 96 எடுங்கள், ஆட்சேபம் இல்லை.

இனி இடத்தின் கணக்கு. 90 நிமிடக் கேசட் நூறு இருப்பதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 150 மணி நேரம்.

24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத கோப்பு): மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல், மொத்தம் சுமார் 155 ஜிபி.
அதே தரத்தில் ஃபிளாக்: பதிவைப் பொறுத்து மாறும், தோராயமாக 100 ஜிபி.
320 கேபிபிஎஸ் எம்பி3: மணிக்கு 144 எம்பி, மொத்தம் சுமார் 22 ஜிபி.
128 கேபிபிஎஸ் எம்பி3: மணிக்கு 58 எம்பி, மொத்தம் 9 ஜிபிக்குள்.

நூறு கேசட்டையும் ஃபிளாக்கில் வைத்தாலும் 1 டிபி டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்குதான் நிறைகிறது. எம்பி3 எடுத்து நீங்கள் மிச்சம் பிடிக்கும் பணம் ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்குத் தேறினால் அதிகம்.

4. வேவா, ஃபிளாக்கா, ஏலாக்கா?

ஏலாக் என்பது ஆப்பிளின் இழப்பில்லாச் சுருக்க வகை. மூன்றும் இழப்பில்லாதவை, மூன்றிலும் ஒலி ஒன்றே. ஆனாலும் சேமிப்புக்கு ஃபிளாக்தான் என் தேர்வு. கச்சேரி விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம், தமிழ் எழுத்தும் ஏற்கும். மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) கோப்பிலேயே பதிவாகியிருப்பதால், பத்து வருஷம் கழித்து ஒரு பிட் கெட்டிருந்தாலும் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். வேவில் இந்த வசதி கிடையாது. தவிர வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் தகராறு செய்யும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மணி நேரத்திலேயே அந்த எல்லை வந்துவிடும்.

ஐபோனின் மியூசிக் செயலி ஃபிளாக்கை ஏற்காது. ஆப்பிள் சாதனங்களே கதி என்றால் ஏலாக் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மனம் மாறினால் ஏலாக்கிலிருந்து ஃபிளாக்குக்கு இழப்பின்றி மாறலாம்.

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை அளவு கேட்கும். அது ஒலித்தரத்தின் அளவு இல்லை. 8 என்றால் கோப்பு கொஞ்சம் சிறிதாகும், சுருக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 5இல் விட்டுவிடுங்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது பிட் அளவு எவ்வளவு என்று பாருங்கள். 16 என்று நின்றிருந்தால் 24க்கு மாற்றுங்கள். பலர் பார்க்காமல் விடுவது இந்த இடத்தில்தான்.

5. பதிவு செய்யும்போது

ஃபார்மேட்டில் போகும் ஒலியை விடப் பிளேயரில் போகும் ஒலி அதிகம். தேய்ந்த ஹெட்டில் (டேப்பைத் தொட்டுப் படிக்கும் பகுதி) ஓட்டி ஃபிளாக்கில் பிடித்தால், தேய்ந்த ஒலி துல்லியமாகக் கிடைக்கும். பணம் செலவழிப்பதானால் பழைய நல்ல டெக் ஒன்றைச் சர்வீஸ் செய்வதில் செலவழியுங்கள்.

பென்டிரைவ் செருகினால் நேராக எம்பி3 ஆக்கித் தரும் மலிவான கையடக்க கேசட் கருவிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. வேகம் ஆடும், எம்பி3 தவிர வேறு வழியும் கொடுக்காது. தவிருங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி) லைன் இன்னுக்குப் போவதே சரியான பாதை. லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள். அது பெரும்பாலும் மோனோ, மேலும் தன் இரைச்சலையும் சேர்த்துவிடும். இன்டர்ஃபேஸ் வாங்கும் முன் 24 பிட் தருமா என்று பெட்டியில் பாருங்கள். பெரிங்கர் யூசிஏ202 போன்ற மலிவானவை 16 பிட்தான். கையில் அதுதான் இருக்கிறதென்றால் ஒன்றும் முழுகிப் போகாது, லெவலை மட்டும் கவனமாக வையுங்கள்.

ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டேப்பைத் துடைக்காதீர்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டாமல் தனியே வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகு கோணத்தைச் சரிசெய்வது. ஒவ்வொரு கேசட்டுக்கும் அதை லேசாகத் திருப்பி, தாளச் சத்தமும் உச்சரிப்பும் எங்கே தெளிவாக விழுகின்றன என்று மோனோவில் கேட்டு நிறுத்துங்கள். இதில் கிடைக்கும் தெளிவை எந்த ஃபார்மேட்டும் தராது. பதிவு லெவலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே விழட்டும். கேசட்டில் டால்பி (பதியும்போதே இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று குறிக்காத வரை டெக்கில் டால்பியை அணைத்து வையுங்கள்.

சுருதியையும் பாருங்கள். பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் பதிந்த டேப் சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறித்தான் ஒலிக்கும். வேகம் 6 சதவீதம் கூடினாலே ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டைக்குப் போய்விடுவார். பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்தால் வேகத்தைத் திருத்தலாம். திருத்தத்தை மூலக் கோப்பில் செய்யாமல் ஒரு நகலில் செய்யுங்கள். கச்சேரியின் கடைசியில் பேட்டரி இன்னும் இறங்கியிருக்கும் என்பதால், ஒரே அளவு திருத்தம் முழுக் கேசட்டுக்கும் பொருந்தாது.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகியே தீரும். தினம் ஒன்று என்றால் நூறு கேசட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல். வெட்டி ஒட்டுவதும் பெயர் போடுவதும் தனிக் கணக்கு. இவ்வளவு நேரம் செலவழிக்கும் வேலையை 128 கேபிபிஎஸ்ஸில் முடித்து, பிறகு திரும்ப ஓட்டுவதற்கு டேப்புக்கும் தெம்பு இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

6. கடையில் கொடுப்பதானால்

நான் முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். வந்தது 128 கேபிபிஎஸ் எம்பி3, ‘சுத்தம் செய்தது’ என்ற பெருமையோடு. பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தம்புரா காணாமல் போயிற்று. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு மாறாமல் ஒலிக்கும் எதுவும் இரைச்சலாகப் படும், சுருதியும் அதில் சேர்த்தி. கச்சேரிப் பதிவுக்கு இந்த விபத்து அடிக்கடி நடக்கிறது.

ஆகவே வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். எழுத வேண்டியவை:

கேசட்டிலிருந்து நேரடியாக 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் அல்லது ஃபிளாக்.
இரைச்சல் நீக்கம், ஈக்வலைசர், நார்மலைஸ் எதுவும் வேண்டாம்.
ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு. நடுவில் வெட்டக் கூடாது, மௌனத்தையும் நீக்கக் கூடாது.
கேசட்டில் ஒட்டிய எண்ணே கோப்பின் பெயர்.
கொடுத்த கேசட்டுகளின் எண்ணிக்கை, திருப்பித் தரும் தேதி.

கட்டணத்தைக் கேசட் கணக்கில் சொல்வார்கள். 60 நிமிடத்துக்கும் 90 நிமிடத்துக்கும் ஒரே விலையா என்று கேளுங்கள். வேவ் கேட்டால் தனிக் கட்டணம் என்பவர்களும் உண்டு. பதியும் உழைப்பு வேவுக்கும் எம்பி3க்கும் ஒன்றேதான். அதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், டிஸ்க்கை நீங்களே கொடுத்துவிடுங்கள். முதலில் அவ்வளவு முக்கியமில்லாத ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு மிச்சம், அதுவும் பத்துப் பத்தாக.

7. கேட்பதற்கான பிரதி

இங்கே எம்பி3க்கு முழு மரியாதை. மூலம் பத்திரமாக இருக்கும்போது, லேம் என்கோடரில் வி2 அளவில் (சராசரி 190 கேபிபிஎஸ் பக்கம்) எடுத்த எம்பி3யையும் ஃபிளாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல எனக்கு முடியவில்லை. உங்களால் முடிகிறதா என்று ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனை (எது எது என்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிப்பது) செய்து பாருங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் சோதித்துவிட்டு இரண்டும் ஒன்று என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ப்ளூடூத் பொதுவாக மறுபடி ஒரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. வயர் ஹெட்ஃபோன் வேண்டும்.

மோனோ ரெக்கார்டரில் பதிந்ததென்றால் கேட்கும் பிரதியை மோனோ ஆக்கிவிடலாம், பாதி அளவே போதும். மூலத்தில் மட்டும் இரண்டு சேனலையும் வைத்திருங்கள். ஒன்றில் டேப் மடிந்திருந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

ராகம் தானம் பல்லவியைத் தனித்தனி எம்பி3யாக வெட்டாதீர்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெற்றிடம் சேரும்; கார் பிளேயர்கள் பலவற்றில் தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே சுருதி விக்கும். ஒரே கோப்பாக விடுங்கள். ஏ பக்கம் முடியும் இடத்தில் ஆலாபனை அறுந்திருந்தால், பி பக்கத்தோடு ஒட்டும் வேலையையும் இந்தப் பிரதியில் செய்துகொள்ளுங்கள்.

போனில் மட்டும் கேட்பவர்கள் ஓபஸ் என்ற இன்னொரு சுருக்க வகையை முயலலாம். 96 கேபிபிஎஸ்ஸிலேயே நன்றாக இருக்கிறது. காரில் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காருக்கு எம்பி3, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ், கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில். தமிழில் வைத்தால் பல கார்த் திரைகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பும் மாமாக்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

8. ஏற்கெனவே எம்பி3யாக வந்தவை

நண்பர்கள் கொடுத்த எம்பி3 கச்சேரிகளை அப்படியே வையுங்கள். அதை ஃபிளாக் ஆக்கினால் கோப்பு பெரிதாகும், போன ஒலி திரும்பாது. நீர்மோரைப் பெரிய பானையில் ஊற்றினால் தயிராகிவிடுமா? வெட்ட வேண்டியிருந்தால் எம்பி3டைரக்ட்கட் போல மறுபடி சுருக்காமல் வெட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறை எம்பி3யாகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் ஒலி போகிறது.

‘மாஸ்டர் ஃபிளாக்’ என்று யாராவது கொடுத்தால் ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டினாற்போல் நேர்கோடு இருந்தால் எம்பி3யிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். கேசட்டின் இயல்பான சரிவு மேலே போகப் போக மங்கும், இரைச்சல் மட்டும் மெல்லியதாக நீளும். ஒரு விலக்கு உண்டு: எஃப்எம் ரேடியோவின் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நிற்கிறது, மத்திய அலையில் இன்னும் வெகு கீழேயே நின்றுவிடும். ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டில் வெட்டு தெரிவதை வைத்துக்கொண்டு கொடுத்தவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

9. குறிப்புகளும் அனுமதியும்

கேசட் அட்டையை இருபுறமும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், சபா, தேதி, ராகம், தாளம் எல்லாவற்றையும் ஃபிளாக் டேகிலும் தனி டெக்ஸ்ட் கோப்பிலும் எழுதுங்கள். உறுதியில்லாத தேதிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். எந்த டெக், எந்த இன்டர்ஃபேஸ், வேகம் திருத்தியதா என்பதற்கும் ஒரு வரி.

வீட்டில் கேட்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. சொந்த உபயோகத்துக்கான ஒலிப்பதிவை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். நிகழ்த்துக் கலைஞரின் உரிமை 50 ஆண்டு நிற்கும். பாட்டை இயற்றியவருக்கும் உரிமை உண்டு, மறைந்த பின் 60 ஆண்டு. தியாகராஜர் கிருதிக்குக் கவலையில்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல் என்பதால் அவர் பாடல்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கலைஞரின் குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கி, ஸ்கேன் செய்து கச்சேரி ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள், கூடவே ஒரு பிரதியும் கேட்பார்கள். அவர்களுக்கு ஃபிளாக்கைக் கொடுங்கள்.

10. சேமிப்பு

இரண்டு டிஸ்க், இரண்டு வீடு. ஒன்று உங்களிடம், மற்றொன்று வேறு ஊரிலுள்ள தங்கையிடமோ நண்பரிடமோ. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் ஒரு மழை வெள்ளத்துக்கு இரண்டும் போகும். வருடத்துக்கு ஒரு முறை டிஸ்க்கைச் செருகி, எம்டி5 கையொப்பத்தை ஒப்பிடும் ஃபிளாக் சோதனையை ஓடவிடுங்கள். 100 ஜிபிக்கு ஒரு மாலை போதும். பிழை காட்டும் கோப்பை மற்ற டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றி முடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, உறையில் போட்டு, நிற்கும் வாக்கில், ஸ்பீக்கரின் காந்தத்துக்கு எட்டாத தூரத்தில் ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.